கோடு கிழித்த வட்டம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். புற்றுநோய் மருத்துவர் சஃப்ரீன். நோயாளிகளிடம் குடும்ப வரலாறு கேட்டுப் படமாக வரையும் நூர் நிஷா. ஆய்வுக்கூடத்திலிருந்து வந்திருந்த பத்மஜா. நோயாளி அனிஷா, வயது இருபத்தெட்டு. அவளுடைய தாய் ஜெயசீலி. தகப்பனார் மரியஅந்தோணி, மும்பை மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருடம் ரயில் பெட்டிகளுக்கு எண் எழுதி ஓய்வுபெற்றவர். தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவரைச் சேர்க்கவில்லை.

ஜூலை மாதம், இரண்டாம் சனிக்கிழமை. மழை என்று துணிந்து சொல்ல முடியாத மழை. ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் நகரம் பாலில் கரைத்தாற்போல் வெளுத்துக் கிடந்தது. மூன்றாவது மாடியிலிருந்த அந்தச் சின்ன அறை கட்டடத்தை விட்டுக் கழன்று எங்கோ மெல்ல மிதந்து போவதாக மரியஅந்தோணிக்குத் தோன்றியது. ஆனாலும் அவர் நாற்காலியில் முதுகைச் சாய்க்கவில்லை. பிறத்தியார் இடத்தில் சாய்ந்து உட்காரும் வழக்கம் அவர் குடும்பத்தில் கிடையாது.

ஒவ்வொரு இரண்டாம் சனிக்கிழமையும் அந்த ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு மேசை கூடும். வார்டில் வைத்தியம் பார்க்கிறவர்களும், ஆய்வுக்கூடத்தில் செல்களோடு நாள் முழுதும் கிடக்கிறவர்களும் எதிரெதிரே உட்கார்ந்து, இன்ன நோயாளிக்கு இன்னது தெரிந்தது, இன்னது தெரியவில்லை என்று பேசிக்கொள்வார்கள். நோயாளியின் வீட்டாரையும் கூப்பிட்டு உட்காரவைப்பது டாக்டர் சஃப்ரீன் கொண்டுவந்த ஏற்பாடு. வீட்டார் சொல்லாமல் எங்களுக்குப் பாதிதான் தெரியும் என்பது அந்த அம்மாளின் கட்சி.

மேசைமேல் ஒரு தாள் கிடந்தது. ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். நோய் கண்டவர்களுக்கு உள்ளே கறுப்பு. இறந்துபோனவர்கள் மேல் குறுக்காக ஒரு கோடு. மார்ச் மாதத்தில் நூர் நிஷா மரியஅந்தோணியிடம் கேட்டுக் கேட்டு வரைந்த குடும்பப் படம் அது. மேலே அவருடைய தாயார், கறுப்பு வட்டம், அதன்மேல் கோடு. அந்தக் கறுப்பை ஒப்புக்கொள்ளவே அவருக்கு இரண்டு சந்திப்புகள் ஆயின. கீழே அவருடைய சதுரம். சதுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை வட்டம். அதன்மேலும் கோடு.

பத்மஜா மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண். இப்போது அணுசக்தி நகரில் வீடு. நனைந்த குடையை மூலையில் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, நான் மொதல்லேந்து சொல்றேன். புரியலேன்னா நிறுத்துங்கோ. நம்ம செல்லுக்குள்ள தெனமும் சின்னச் சின்னதா கிழியும். அதைத் தைக்கறதுக்குன்னு ஒரு ஆள் உள்ளேயே இருக்கான். அந்த ஆளை உண்டாக்கற ஜீன்ல அனிஷாவுக்கு ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. அந்த மாத்தம் கெட்டதா, வெறும் மச்சம் மாதிரியான்னு ஒருத்தருக்கும் தெரியாது. எந்த லிஸ்ட்லயும் அது இல்லை."

"எனக்கும் இருக்குன்னு ஏப்ரல்லயே சொல்லிட்டிய," என்றார் மரியஅந்தோணி.

"ஆமாம். உங்க வழியாத்தான் வந்திருக்கு."

ஜெயசீலி இதைக் கேட்டுச் சுவரைப் பார்த்தாள். சுவரில் ஒன்றுமில்லை.

டாக்டர் சஃப்ரீன் இந்தியில் பேசினார், நிதானமாக. தையல்காரன் வேலை செய்யாத செல்களைத் தேடிப்பிடித்து அழிக்கும் மாத்திரை ஒன்று இருக்கிறது. இந்த மாற்றம் கெட்டதுதான் என்று உறுதியானால் அனிஷாவுக்கு அதைக் கொடுக்கலாம். நோய் திரும்பி வரும் வாய்ப்பு நன்றாகக் குறையும். ஊகத்தில் கொடுக்க முடியாது. அது ரத்தத்தைக் குறைக்கும். உறுதியில்லாமல் கொடுத்தால் பயன் ஒன்றுமில்லாமல் உபத்திரவம் மட்டும் மிஞ்சலாம். கடைசிச் சிகிச்சை முடிந்து பன்னிரண்டு வாரத்துக்குள் தொடங்கவேண்டும். மூன்று வாரம் போய்விட்டது.

"நாங்க தட்டுல வளத்த செல்லுல அதே எழுத்தை மாத்திப் பாத்தோம்," என்றாள் பத்மஜா. "தையல் நடக்கலை. அது பாதி சாட்சி. மீதி சாட்சி குடும்பத்துலேந்து வரணும். நோய் வந்த இன்னொரு சொந்தக்காராளுக்கும் இதே மாத்தம் இருக்கணும். உங்க அம்மா இருந்திருந்தா போறும்."

சற்றுத் தயங்கினாள். பிறகு, "இன்னொண்ணு. இதே மாத்தத்தை இங்கேந்து வந்த வேற ஒரு ரத்தத்துலயும் ரெண்டு வருஷம் முன்னாடியே பாத்திருக்கோம். யாருன்னு எனக்குத் தெரியாது. எங்களுக்கு வரது நம்பர் மட்டும். தெரிஞ்சாலும் சொல்லப்படாது. ரெண்டு பேரும் ஒரே குடும்பமா, யாரோ எவரோவான்னு அவாளாவே வந்து சொன்னாத்தான் உண்டு. ரெண்டு குழாயும் இப்போ ஒரே பெட்டில பக்கத்துப் பக்கத்துல இருக்கு. மைனஸ் எண்பது டிகிரி," என்றாள்.

"மாமா," என்று நூர் நிஷா பேனாவை அந்த வெள்ளை வட்டத்தின் அருகே கொண்டுபோனாள். அவள் தாராவிக்காரி. "ஒங்க தங்கச்சி மஞ்சக்காமாலைல தவறிட்டாங்கன்னு சொன்னீங்க. வேற யாராச்சும்? சித்தப்பா பொண்ணு, பெரியம்மா பொண்ணு? தூரத்து ஆளா இருந்தாக்கூடப் பரவால்ல."

ஆறு பேரும் அவரைப் பார்த்தார்கள் என்று சொல்லக்கூடாது. ஆறில் அவரும் ஒருவர். ஐந்து பேர் பார்த்தார்கள்.

"ஒருத்தரும் இல்ல," என்றார் மரியஅந்தோணி.

குரல் கணீரென்றுதான் இருந்தது. ஆனால் அதைச் சொன்னவர் வேறு யாரோ, தான் ஜன்னலுக்கு வெளியே அந்த வெளுப்பில் நின்று கேட்டுக்கொண்டிருப்பதுபோல் அவருக்கு இருந்தது.

*

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மனைவியும் மகளும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அனிஷாவின் தலையில் கட்டியிருந்த பூப்போட்ட துணி ஒவ்வொரு குலுக்கலுக்கும் அசைந்தது. வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. தெருவிளக்குகள் பகலிலேயே எரிந்தன. ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒரு வட்டம். எல்லா வட்டங்கள் மேலும் ஜன்னல் கம்பி குறுக்கே கோடு போட்டுக்கொண்டே வந்தது.

அவர் பிப்ரவரியை நினைத்தார்.

அனிஷாவை முதன்முதலாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்த நாள். தாழ்வாரத்தில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு நாற்காலியில் மெலிந்த பெண்மணி ஒருத்தி உட்கார்ந்து தேநீரில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். தோய்ப்பதற்கு முன்னால் ஒருமுறை ஊதினாள். தோய்த்து எடுத்தபின் பிஸ்கட்டையும் ஒருமுறை ஊதினாள். பிஸ்கட்டை ஊதித் தின்கிறவளை உலகத்தில் அவர் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறார். அவளுக்கு அந்தப் பழக்கம் நாலு வயதில் வந்தது. வாய் சுட்டுவிடும் என்று அவர்தான் அவளுக்கு ஊதிக் கொடுப்பார்.

அவர் உடனே சுவர்ப்பக்கம் திரும்பி அங்கே ஒட்டியிருந்த மராத்தி அறிவிப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது. தாழ்வாரம் நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. செத்தவர்களின் சாயல் ஆஸ்பத்திரியில் தென்படுவது உண்டு என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். அன்று முழுவதும் அதை நம்பவும் செய்தார்.

அவளை மரித்தவள் ஆக்கியவர் அவர்தான். அதையும் சொல்லிவிடவேண்டும்.

தாயார் காலமானபோது அவருக்கு இருபத்தைந்து வயது. தங்கை மிக்கேலம்மாளுக்கு ஒன்பது. தகப்பனார் அதற்கு முன்பே போய்விட்டார். தாயாருக்கு வந்தது மார்பில் கட்டி. அந்த இடத்தின் பெயரைச் சொல்லி ஒரு நோய் எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வந்தது என்று ஊரார் பேசக்கூடாது என்று நினைத்து, மஞ்சள் காமாலை என்று சொன்னார். தங்கையிடமும் அதையே சொன்னார். அவளுக்குச் சடை பின்னிவிட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, டைப்ரைட்டிங் படிக்கவைத்து, அவளைக் கரையேற்றாமல் தமக்குக் கல்யாணம் வேண்டாம் என்று முப்பத்தெட்டு வயதுவரை இருந்தார். அவருக்கு ஜெயசீலியை நிச்சயம் செய்து மூன்று வாரம் ஆகியிருந்தபோது, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்த பத்ரி என்ற இந்துப் பையனோடு மிக்கேலம்மாள் போய்விட்டாள்.

பெண் வீட்டார் தூத்துக்குடிப் பக்கத்து மரியாதைப்பட்ட குடும்பம். மாப்பிள்ளையின் தங்கை எங்கே என்று கேட்டார்கள். ஊருக்குப் போனாள், மஞ்சள் காமாலை, மூன்றே நாள் என்றார். அடுத்த நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு மரித்தோர் பெயர்களைச் சீட்டில் எழுதிக் கோவிலில் கொடுத்தபோது, தகப்பனார், தாயார் பெயர்களுக்குக் கீழே கை தானாகவே மூன்றாவது பெயரையும் எழுதியது. சாமியார் ஊதா அங்கியில் நின்று வாசித்தார். எல்லாரும் முழங்காலிட்டார்கள். அப்படி இருபத்தொன்பது நவம்பர். விஷயம் தெரிந்த பழைய ஆட்கள் தாராவியில் இருந்தார்கள். தெரியாததுபோல் நடந்துகொண்டார்கள், அவருக்கு அவர்கள் செய்த மரியாதை அது. சில வருடங்களில் அந்தப் பெயர் வாசிக்கப்படும்போது அவர் கண் கலங்கியும் இருக்கிறது. பாசாங்காக அழுதார் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

அவள் வீடு சுனாபட்டியில் இருப்பது அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். அந்த வழியாக ரயிலில் போகும்போதெல்லாம் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போவார்.

*

தாராவியை ஒட்டிய லேபர் கேம்பில், அவர்கள் வீட்டில் மீன்குழம்பு ஆறிப்போயிருந்தது. இளையவள் ஷைனி வேலைக்குப் போயிருந்தாள். அவளுக்குச் செம்பூரில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால் அனிஷாவின் நோயைப் பற்றி நெருங்கிய சொந்தத்துக்கு வெளியே மூச்சு விடக்கூடாது என்பது வீட்டில் சட்டம்.

ஜெயசீலி தட்டை வைத்த சத்தத்திலேயே விஷயம் தெரிந்தது.

"எங்க வழி நோய்னு ஒங்க சித்தி மவ என் மூஞ்சிக்கு நேரா சொன்னா. நீங்க பக்கத்துல நின்னிய. வாயத் தொறந்தியளா? இன்னைக்கு அந்த டாக்டரம்மா முன்னால தெளிவாச் சொல்லிட்டாவ, யாரு வழின்னு. எனக்கு அது போதும்."

"சோத்தப் போடு."

"போடுதேன். போடாம எங்க போவ?"

அனிஷா தலைத்துணியை அவிழ்த்துக் கொடியில் போட்டாள். முளைத்துவரும் முடியைத் தடவிக்கொண்டாள். "மம்மி, சோடு நா, விடு. அப்பா டென்ஷன்ல இருக்காவ," என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "அப்பா, அந்தக் கோடு போட்ட வட்டம். அந்த அத்தை பேரு என்ன?"

பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கோவிலில் வாசிக்கும்போது அவர்கள் காதில் விழுந்திருக்கும். யாரோ கிழவி என்று நினைத்திருப்பார்கள்.

"மிக்கேலம்மாள்."

"அவிய இருந்திருந்தா எனக்கு ஹெல்ப்பா இருந்திருக்கும்லா," என்றாள் அனிஷா. அதில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. மழை இல்லாவிட்டால் துணி காய்ந்திருக்கும் என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள்.

மரியஅந்தோணி சாப்பிட்டார். என்ன சாப்பிட்டார் என்று அவருக்குத் தெரியாது.

அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்து, மத்தியானம் கட்டிலில் படுத்தவர் அயர்ந்துபோனார். மழைச் சத்தத்தினூடே ஒரு கனவு வந்தது. உயரமான வெள்ளை அறை. சுவரெல்லாம் பனி பூத்த இழுப்பறைகள். பத்மஜா ஒவ்வொன்றாக இழுக்க, சாமியார் சீட்டைப் பார்த்துப் பெயர் வாசிக்கிறார். பெயர் வாசிக்கப்பட்டவர்கள் பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல் எழுந்து "உள்ளேன் ஐயா" என்கிறார்கள். தகப்பனார் சொன்னார். தாயார் சேலையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னாள். மூன்றாவது பெயருக்குப் பதில் இல்லை. சாமியார் மறுபடியும் வாசித்தார். பதில் இல்லை. எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக் குழாய் ஒன்றின் உள்ளே அனிஷா உட்கார்ந்து, பக்கத்துக் குழாயை விரலால் தட்டித் தட்டி, "அத்தை, அத்தை" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துக் குழாயில் இருந்தவள் பிஸ்கட்டை ஊதிக்கொண்டிருந்தாள்.

எழுந்தபோது மணி நாலு. அடுப்படி வாசலில் போய் நின்றார். நின்றபடியே சொன்னார். மஞ்சள் காமாலை இல்லை என்றும், சுனாபட்டியில் இருக்கிறாள் என்றும், அந்த ஆஸ்பத்திரியிலேயே பார்த்தேன் என்றும் மூன்று வாக்கியம். அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

ஜெயசீலி கையிலிருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"இருபத்தொம்பது வருஷம்," என்றாள். "இருபத்தொம்பது வருஷமா உயிரோட இருக்கவளுக்கு மெழுகுதிரி கொளுத்தியிருக்கேன்."

அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"எம் புள்ள அந்த ரூம்ல உக்காந்திருக்கா. யாராச்சும் இருக்காவளான்னு அந்தப் பொண்ணு கெஞ்சுதா. ஒருத்தரும் இல்லங்கிய. கணீர்னு சொல்லுதிய." அவள் குரல் உயரவேயில்லை. "ஒங்க கவுரவத்த நான் ஒருநாளும் கொறச்சுப் பேசினதில்ல. இப்பவும் பேசல. நாளைக்கு நீங்க போறியளா, நான் போவட்டா?"

"நான் போறேன்."

"சட்டை தேச்சு வைக்கேன்," என்று சொல்லி அவள் திரும்பிக்கொண்டாள்.

*

திங்கட்கிழமை காலை மழை விட்டிருந்தது. சயானைத் தாண்டி, ரயில்வே கேட் திறக்கும்வரை கூட்டத்தோடு நின்றார். கேட்டுக்கு அந்தப் பக்கம் எல்லாம் நீராவிபோல் எழும்பிக்கொண்டிருந்தது. கடைகள், மனிதர்கள், ஒரு வெள்ளைக் குதிரைகூட. கல்யாண ஊர்வலத்துக்குப் போய்த் திரும்புகிற குதிரையாக இருக்கலாம். ரயில் போனது. கேட் உயர்ந்தது. இந்த இடத்தைக் கனவில் பலமுறை கடந்திருக்கிறோம் என்ற நினைப்போடு அவர் கடந்தார்.

இரண்டாவது மாடி. ஈரத்துணி தொங்கும் நீண்ட பால்கனி. கதவைத் திறந்தவர் வழுக்கைத் தலையும் மூக்குக்கண்ணாடியுமாக, கையில் பேப்பரோடு நின்றார். அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது என்று சொல்கிற குரலில் உள்ளே திரும்பி, "மாலதி, ஒங்கண்ணன் வந்திருக்கார்," என்றார். கல்யாணத்துக்குப்பின் அவளுக்கு வைத்த பெயர் மாலதி என்பது அப்போதுதான் மரியஅந்தோணிக்குத் தெரிந்தது.

"எந்த அண்ணன்?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "செத்தவளுக்கு ஏது அண்ணன்?"

வந்து நின்றாள். முடி ஆண்பிள்ளைகளுக்குப்போல் குட்டையாக, முழு வெள்ளையாக வளர்ந்திருந்தது. முகத்தில் தாயாரின் முகம் அப்படியே ஏறியிருந்தது. தாயார் வாழாத வயதுகளை இவள் வாழ்ந்துகொண்டிருக்கிறாள் என்று அவர் மனதில் ஓடியது. அவள் உட்காரச் சொல்லவில்லை. பத்ரி ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பேப்பரோடு உள்ளே போய்விட்டார். மரியஅந்தோணி உட்காரவில்லை. வந்த விஷயத்தை நின்றபடியே, முதலிலிருந்து, வரிசை பிசகாமல் சொன்னார். மகள், கட்டி, ஒரு எழுத்து மாறிய ஜீன், பாதி சாட்சி, பக்கத்துக் குழாய், ஒன்பது வாரம்.

அவள் ஒன்றைத்தான் கேட்டாள். "அம்மைக்கும் இதா?"

"ஆமா."

"எனக்கு ஒம்பது வயசு. மஞ்சக்காமாலைன்னிய."

"ஆமா."

"எனக்கும் அதே மஞ்சக்காமாலைன்னு கேள்வி. ஆளாளுக்கு ஒரே சீக்கு வச்சே கொன்னிருக்கியளே அண்ணே, வேற சீக்கே தெரியாதா ஒங்களுக்கு?"

உள்ளே பேப்பர் சரசரத்தது. பத்ரி சிரிப்பை அடக்கியிருக்கவேண்டும்.

அவள் சிரிக்கவில்லை. "டாக்டர் கேட்டாவ, ஒங்க குடும்பத்துல யாருக்காவது உண்டுமான்னு. இல்லவே இல்லன்னு அடிச்சுச் சொன்னேன். கட்டி வந்து ஒரு வருஷம் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன். நம்ம வழியில கெடையாதே, இது வேற என்னமோன்னு. ஒரு வருஷம் அண்ணே."

ஒர்க்‌ஷாப்பில் பெட்டியின் எண் தவறாக எழுதப்பட்டால் மேஸ்திரி முன்னால் போய் நிற்பதற்கென்று ஒரு நிற்பு உண்டு. அவர் முப்பத்தாறு வருடத்தில் அப்படி நின்றதில்லை. இப்போது நின்றார்.

"தப்பு என்னுது," என்றார். "முழுசும்."

பால்கனியில் யாரோ துணியை உதறினார்கள். தண்ணீர்த் துளிகள் வெயிலில் ஒரு கணம் தங்கி நின்று விழுந்தன.

"ஒரு வருஷம் கல்லறைத் திருநாளுக்குக் கோவிலுக்கு வந்தேன், தெரியுமா?" என்றாள் அவள், வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல். "கடேசி பெஞ்சு. அப்பா பேரு, அம்மை பேரு, அடுத்தாப்ல எம் பேரு. திக்குன்னு ஆயிட்டு. பொறவு எல்லாரும் எனக்காக முழங்கால் போட்டாவ. நானும் போட்டேன். வேற என்ன செய்யச் சொல்லுதிய?"

"இந்த வருஷம் பேர எடுத்துருதேன்."

"எடுக்காதீய. எனக்கு வேண்டியது கெடக்கு. ஜெபம்னா சும்மாவா?"

அவளுக்கு ஒரு மகள், விஜயலட்சுமி, இருபத்தாறு வயது, பாந்த்ராவில் அலுவலக வேலை. அவளுடைய படம் அலமாரியில் இருந்தது. மரியஅந்தோணி அதைப் பார்த்ததை மிக்கேலம்மாள் பார்த்தாள்.

"இவளுக்கும் இருக்குமோ?"

"இருக்கலாங்காவ. பாத்துச் சொல்லுவாவளாம். தெரிஞ்சா முன்கூட்டியே காவல் இருக்கலாமாம்."

"அப்போ நான் வந்து என்ன சொல்லணும்?"

"இன்னார் தங்கச்சின்னு சொல்லணும், மிக்கேலா. நானும் சொல்லுதேன். கேட்டுக்கிடுதேன்."

கேட்டுக்கொள்கிறேன் என்ற சொல்லைச் சாமியார்மாருக்குக் கீழே ஒருவரிடமும் அவர் சொன்னதில்லை. அவளுக்கும் அது தெரியும். உள்ளே போனாள். ஒரு நீல ஃபைலோடு திரும்பி வந்து, நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்க. ரெண்டு புள்ளையளுக்காக வாரேன். ஒங்களுக்காக இல்ல. டீ குடிப்பியளா?"

குடித்தார்.

*

புதன்கிழமை அண்ணனும் தங்கையும் நூர் நிஷாவின் மேசையில் அடுத்தடுத்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். நூர் நிஷா எதுவும் கேட்கவில்லை. புதுத்தாள் எடுத்து மறுபடியும் வரைந்தாள். தங்கையின் வட்டம் உள்ளே கறுப்பு. மேலே கோடு இல்லை. பக்கத்தில் பத்ரிக்கு ஒரு சதுரம், கீழே விஜயலட்சுமிக்கு ஒரு வட்டம். படம் ஒரு பக்கம் கனத்துத் தாளின் ஓரம்வரை போய்விட்டது.

அதற்குப்பின் நடந்தவை மரியஅந்தோணியின் கண்ணுக்குப் படாமல் நடந்தன. ஆனால் படுத்தால் அவருக்குத் தெரியும். மிக்கேலம்மாளின் உடம்பிலிருந்து எப்போதோ எடுத்து மெழுகில் பதித்து வைத்திருந்த கட்டித் துண்டை ஆஸ்பத்திரிச் சேமிப்பறையிலிருந்து யாரோ எடுக்கிறார்கள். பத்மஜா அதை முடியைவிட மெல்லிய ஏடாகச் சீவுகிறாள். பனிப்பெட்டி திறக்கிறது, வெண்புகை தரையில் வழிகிறது. அந்தப் புகையில் தாயார் காலை நனைக்காமல் சேலையைத் தூக்கிப் பிடித்து நடந்துபோகிறாள்.

ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை மேசையில் பத்மஜா எழுந்து நின்றே சொன்னாள். அத்தைக்கும் மருமகளுக்கும் அதே மாற்றம். அத்தையின் கட்டித் துண்டில் அந்த ஜீனின் நல்ல பிரதி அழிந்து, கெட்ட பிரதி மட்டும் மிச்சம் இருக்கிறது. தட்டில் வளர்த்த செல்களும் அதையே சொல்கின்றன. இதே வேலையில் இருக்கும் வேறு மூன்று ஊர்க்காரர்களுக்கு அனுப்பிக் காட்டினார்கள், அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். நோய் உண்டாக்கக்கூடியது என்று அந்த மாற்றம் இனி லிஸ்டில் ஏறும். இனிமேல் எந்த ஊரில் யாருக்கு அது தென்பட்டாலும், தெரியாது என்ற பதில் வராது.

"நம்ம எழுத்து," என்றாள் அனிஷா.

"மாமா, ஒரு வார்த்தை," என்றாள் பத்மஜா. "நாங்க ரெண்டு வருஷம் தட்டோட மாரடிச்சோம். நீங்க சுனாபட்டி போயிட்டு வந்தேள். அதுலதான் முடிஞ்சுது."

டாக்டர் சஃப்ரீன் அப்போதே சீட்டு எழுதினார்.

எட்டாவது வாரத்தில் அனிஷா மாத்திரை தொடங்கினாள். முதல் மாதம் சோறு இறங்கவில்லை. ரத்தம் குறைந்து அளவை ஒருமுறை மாற்றவேண்டியிருந்தது. இப்போதும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. ஷைனிக்கு அந்த மாற்றம் இல்லை. விஜயலட்சுமிக்கு இருக்கிறது, வருடம் ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். செம்பூர் வரன் வீட்டுக்கு மரியஅந்தோணியே போய், தம் குடும்பத்தில் இன்ன நோய் இன்னார் வழியாக வருகிறது என்று காப்பியைத் தொடுவதற்கு முன்பே சொன்னார். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இதுவரை சொல்லவில்லை.

"போனா போட்டும்பா," என்றாள் ஷைனி. "லோக்கல் ட்ரெயின்ல ஒரு சீட் பிடிக்கத் தெரியாத பையன்."

லேபர் கேம்பிலும் தாராவியிலும் இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. ஓடிப்போன மிக்கேலம்மாள் நோய் முற்றியதும் அண்ணன் வாசலில் வந்து விழுந்து அழுதாள் என்றும், மரியஅந்தோணி பெரிய மனசு பண்ணி அவளைச் சேர்த்துக்கொண்டார் என்றும் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. அவள் வரவில்லை, விழவில்லை, அழவில்லை. திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்குச் சுனாபட்டி கேட்டைக் கடந்து போனவர் மரியஅந்தோணி. கேட்டவர் அவர். சேர்த்துக்கொண்டவள் அவள்.